வெறும் காற்று

கண்ணாடிக்குள் இரண்டு தரம் எச்சில் துப்பி, கட்டை விரலால் வட்டமாகத் தேய்த்துவிட்டு, கிணற்றுத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுக்கிறார் கண்ணையன். சுற்றி நிற்கிற பெண்கள் முகம் சுளிக்கிறார்கள். "எச்சி போடலன்னா உள்ள பனி புடிச்சிக்கும்மா. அப்பறம் கண்ணு இருந்தும் குருடன்தான்" என்கிறார், யாரும் கேட்காமலே. பிறகு கண்ணாடியின் ரப்பர் பட்டையைப் பின்மண்டையில் இழுத்துவிட்டு, இரண்டு குழாய்களுக்கு நடுவே இருக்கும் கறுப்பு ரப்பர்த் துண்டைப் பல்லால் கவ்வுகிறார். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் கடிவாளம். கடிவாளத்தைக் கவ்விய குதிரையாகத் தலையை ஒரு தரம் ஆட்டிவிட்டு, படி படியாக இறங்கித் தண்ணீருக்குள் போய்விடுகிறார். மேலே குமிழிகள் வருகின்றன. ஊரே வாயைப் பிளந்துகொண்டு குமிழிகளைப் பார்க்கிறது. நானும் பார்க்கிறேன். ஊருக்கு ஆச்சரியம், எனக்கு வயிற்றெரிச்சல்.

வயிற்றெரிச்சல் என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டிருக்கிறேன். சொற்சித்திரம் எழுதுகிறவன் தன் ஆசாமியிடம் கொஞ்சம் பிரியத்தோடு இருக்கவேண்டும் என்பார்கள். எனக்கு இவரிடம் இருப்பது பிரியம் அல்ல. ஐந்து வருஷமாக இவரைப் பார்த்துப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஒருவரை இவ்வளவு உன்னிப்பாகக் கவனிக்க அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

கண்ணையன் விழுப்புரம் ஜங்ஷனில் வேக்குவம் பிட்டர். ரயில் பெட்டிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்து, பிரேக்குக் குழாய்களில் காற்று எங்கே கசிகிறது என்று காதால் கேட்டுக் கண்டுபிடிப்பது அவருக்குச் சம்பளம் கொடுக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிணறுகளுக்குள் இறங்குவது அவராகத் தேடிக்கொண்ட வேலை. பம்புக் குழாய், வாளிச் சங்கிலி, விழுந்த மாட்டின் கழுத்து மணி, எது கேட்டாலும் எடுத்துத் தருவார். நாற்பது வயது இருக்கும். ஒல்லியும் இல்லை, பருமனும் இல்லை. நெஞ்சு மட்டும் வேறு யாருக்கோ அளவெடுத்துச் செய்தது மாதிரி அகலமாக இருக்கும். நடையில் அவசரம் கிடையாது. பாசஞ்சர் வண்டி நகர ஆரம்பித்த பிறகும் நடந்துதான் வருவார், ஏறியும் விடுவார். ஒருநாள் பிளாட்பாரத்து பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு அவருக்குத் தெரியாமல் எண்ணிப் பார்த்தேன். நிமிஷத்துக்கு ஏழு மூச்சு. என்னுடையதையும் எண்ணினேன். இருபத்தாறு.

நான் திண்டிவனத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியன். ஏழு வயதிலிருந்து இழுப்பு நோய்க்காரன். மார்கழிப் பனியிலும், மல்லாட்டை என்கிற நிலக்கடலை உடைக்கிற தூசியிலும், பிள்ளைகள் கரும்பலகையைத் துடைக்கிற சாக்பீஸ் பொடியிலும் என் மூச்சு பூனைக்குட்டியாகக் கத்தும். இருபது வருஷமாகக் கட்டிலில் படுத்துத் தூங்கியதில்லை, தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டுதான் தூக்கம். உலகத்தில் எல்லோருக்கும் இனாமாகக் கிடைக்கிற சரக்கு எனக்கு மட்டும் அளந்து அளந்து கிடைக்கிறது. நாங்கள் தண்ணீரைக்கூட வடிகட்டிக் குடிக்கிற சமணக் குடும்பம். இந்த மனிதரோ அந்தத் தண்ணீருக்கு உள்ளேயே போய், நாற்பது அடிக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, நிமிஷத்துக்கு ஏழு வீதம் சாவகாசமாக மூச்சு விடுகிறார். எனக்கு எரியாமல் என்ன செய்யும்?

அந்தக் கருவி அவருக்குக் கிடைத்தது பாண்டிச்சேரியில். கடற்பாலத்துத் தூண்களை அடியில் போய்ப் பார்வையிட வந்த ஒரு பிரெஞ்சு துரைக்கு, ரயில்வேயில் சேருமுன், கண்ணையன் இரண்டு வருஷம் எடுபிடியாக இருந்தார். துரைக்குத் தமிழ் வராது, இவருக்குப் பிரெஞ்சு வராது. ஆனாலும் அந்த இரண்டு வருஷத்தில் கருவியைக் கழற்றவும் பூட்டவும், துடைக்கவும், கடைசியில் கட்டிக்கொண்டு கடலில் இறங்கவும் கற்றுக்கொண்டார். பாண்டி நம்மோடு சேர்ந்ததும் துரை மூட்டை கட்டினார். "கப்பல்ல இத்தத் தூக்கிக்கினு போறதவிட நீயே வெச்சிக்கோன்னு கையாலயே காட்டினாரு சார். அவரு கண்ணுல தண்ணி. நம்ப கண்ணுலயும் தண்ணி. கப்பலு போயிருச்சி" என்று அதைச் சொல்லுவார். ஒவ்வொரு தடவையும் இதே வார்த்தைகள்தான், ஒன்றுகூட மாறாது.

கருவியை வாசகர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். முதுகில் கட்டுவது கனமான இரும்பு உருளை. அதற்குள் சாதாரணக் காற்றை நூற்றைம்பது மடங்கு அழுத்தி அடைத்திருக்கும். அதை அப்படியே வாயில் திறந்துவிட்டால் ஆள் காலி. ஆகவே உருளையின் தலையில், பிடரிக்குப் பின்னால், சாப்பாட்டு டப்பா அளவில் வட்டமான பித்தளைப் பெட்டி ஒன்று. துரை அதைத் 'தெத்தாந்தர்' என்பாராம், கண்ணையனும் அப்படியே சொல்கிறார். அதற்குள் இரண்டு கதவுகள். முதல் கதவு உருளையின் மூர்க்கத்தைத் தணித்து அனுப்பும். இரண்டாவது கதவுக்குக் காவல் ஒரு மெல்லிய ரப்பர்த் தோல். தோலின் ஒரு பக்கத்தில் வெளித்தண்ணீர், மறுபக்கத்தில் அவர் சுவாசிக்கும் காற்று. அவர் மூச்சை இழுத்தால் தோல் உள்ளே குழிந்து ஒரு நெம்புகோலை அழுத்தும், கதவு திறந்து காற்று வலது குழாய் வழியாக வாய்க்கு வரும். இழுப்பதை நிறுத்தினால் தோல் பழைய இடத்துக்குப் போகும், கதவு மூடிக்கொள்ளும். விடுகிற மூச்சு இடது குழாய் வழியாகத் திரும்பிப் பெட்டிக்கே போய், வாத்தின் வாய் மாதிரி தட்டையாக இருக்கும் ஒரு ரப்பர் வழியே குமிழியாக வெளியேறும். அந்த வாத்து வாய் காற்றை வெளியே விடும், தண்ணீரை உள்ளே விடாது.

இதை எழுத எனக்கு இவ்வளவு இடம் பிடித்தது. கண்ணையன் ஒரே மூச்சில் முடித்துவிடுவார். "நம்ப வேக்குவம் பிரேக்குல இருக்குற ரப்பரு கதைதான் சார். கேட்டா குடுக்கும், கேக்கலன்னா மூடிக்கும். தண்ணி எவ்ளோ அமுக்குதோ அவ்ளோ எதிர்த்துக் குடுக்கும். மனுசன் நெஞ்ச நசுங்க உடாது. அவ்ளோதான்." கடைசி விஷயம்தான் கருவியின் உயிர். ஆழம் போகப் போகத் தண்ணீர் நெஞ்சை அமுக்கும். அதே தண்ணீர் ரப்பர்த் தோலையும் அமுக்குவதால், உள்ளே வரும் காற்றும் அதே பலத்தோடு வந்து நெஞ்சைத் தாங்கிக்கொள்ளும். இதைப் புத்தகத்தில் படித்துப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

அவருடைய சட்டங்களில் முக்கியமானது ஒன்று உண்டு. கிணற்றில் மூழ்குகிற நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் 'தம் கட்டுவதில்' பெருமைப்படுகிறவர்கள். கண்ணையனுக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. பீடியை இழுத்துக்கொண்டே சொல்லுவார்: "தம் அடிக்கிறது தரையில. தம் கட்டுறது எங்கியும் கெடையாது." காரணத்தையும் சொல்லுவார். கீழே முப்பத்துமூன்று அடியில் நெஞ்சில் ஒரு படி காற்று இருந்தால், மேலே வரும்போது அதே காற்று இரண்டு படி ஆகிவிடும். வழியெல்லாம் ஊதிக்கொண்டே வரவேண்டும். தம் கட்டிக்கொண்டு வந்தால் நெஞ்சு கிழிந்துவிடும். குமிழி எவ்வளவு மெதுவாக ஏறுகிறதோ அதைத் தாண்டாமல் வரவேண்டும் என்பது அவர் கணக்கு.

எனக்கும் அவருக்கும் ஆரம்பமானது எங்கள் பள்ளிக் கிணற்றில், 1957-இல். தலைமை ஆசிரியரின் சாவிக்கொத்து உள்ளே விழுந்துவிட்டது. விழுப்புரத்திலிருந்து கண்ணையனை வரவழைத்தார்கள். பள்ளி முழுவதும் கிணற்றைச் சுற்றி நின்றது. தலைமை ஆசிரியர் என்னைப் பார்த்து, "நீங்க பிள்ளைகளுக்கு விளக்கமா ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாணவர்களே, இந்த உருளைக்குள் இருப்பது பிராணவாயு. பிராணனைக் காப்பதால் அதற்கு அந்தப் பெயர்" என்று ஆரம்பித்தேன். ஒரு காலில், வாத்துக்கால் மாதிரி அகலமான ரப்பர்ச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த கண்ணையன் நிமிர்ந்தார். "பிராணவாயு இல்லீங்க. வெறும் காத்துதான்" என்றார். நானூறு பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, மறு காலில் செருப்பை மாட்டினார்.

சாவிக்கொத்து வந்துவிட்டது. என் மானம்தான் கிணற்றோடு போயிற்று. அன்று சாயங்காலம் ரயிலுக்குக் காத்திருந்தபோது அவரே என்னிடம் வந்து விளக்கினார். "கோச்சிக்காதீங்க சார். பிராணவாயு நெருப்புக்குச் சோறு. மேல இருந்தா மனுசனுக்கும் நல்லதுதான். முப்பது அடிக்குக் கீழ போயி அத்தக் குடிச்சா வலிப்பு வந்துரும். வாயில இருக்கறது உழுந்துரும், ஆளும் போயிருவான். துரை சினேகிதன் ஒருத்தன் அப்படித்தான் போயிட்டான்னு படம் போட்டுக் காட்டினாரு." நான் தலையாட்டிவிட்டு வந்தேன். நம்பவில்லை. ஐந்தாம் வகுப்பு தாண்டாதவர், துரை வரைந்த படத்தை என்னவென்று புரிந்துகொண்டாரோ என்று நினைத்தேன். நம்ப எனக்கு விருப்பம் இல்லை என்பதுதான் அதைவிட உண்மை. பெயரிலேயே பிராணன் இருக்கிற ஒரு வாயு பிராணனை வாங்குமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. என் மனைவி ஜெயமதி சாவிக்கொத்துக் கதையை அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டு வந்து, இரவெல்லாம் தலையணையில் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்த எனக்குக் கஷாயம் கொடுத்தபடியே சொன்னாள்: "அந்த மனுசன் தண்ணிக்குள்ள உக்காந்துக்கினு நல்லா மூச்சு உடறாராம். நீங்க கட்டில்ல உக்காந்துக்கினே உட மாட்டேன்றீங்க." வேடிக்கைக்குச் சொன்னதுதான். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறவர்கள் எல்லோரும் வேடிக்கையாகத்தான் பாய்ச்சுகிறார்கள்.

அதற்குப் பிறகு அவரை விட முடியவில்லை. எந்த ஊர்க் கிணற்றில் இறங்குகிறார் என்று விசாரித்து, சைக்கிளிலும் பஸ்ஸிலும் போய் நின்றேன். பொறாமைக்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், எனக்கும் ஒரு மூச்சு, தண்ணீருக்குள், ஒரே ஒரு தரம். அவர் பதில் சொல்லாமல் என் முதுகில் காதை வைத்தார், பெட்டிக்கு அடியில் கசிவு கேட்கிற அதே காது. வெகுநேரம் கேட்டுவிட்டு, "உங்களுக்கு வேணாம் சார்" என்றார். "உள்ள போற காத்து நல்லாத்தான் போவுது. வெளிய வர்றதுதான் பாதியில நின்னுக்குது. உள்ள மாட்டிக்கினத வெச்சிக்கினு மேல வந்தீங்கன்னா நெஞ்சு தாங்காது. பேஜாராயிடும்."

"அப்போ தரையிலேயே ஒரு தரம் குடுங்களேன்" என்றேன்.

"தரையில எதுக்கு சார்? இங்கதான் காத்து சும்மா கெடக்குதே" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை என்பது இப்போது தெரிகிறது. அன்று, கஞ்சப்பயல், வாய் வைக்கக்கூட விடமாட்டேன் என்கிறான் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

அந்தக் கோபத்தில்தான் சென்னை வாரப் பத்திரிகை ஒன்றுக்குக் கட்டுரை எழுதினேன், நீருக்குள் சுவாசிக்கும் விதம் பற்றி. ரப்பர்த் தோல், வாத்து வாய், இரண்டு கதவு எல்லாம் அவர் வாயிலிருந்து வந்தவை. கட்டுரையில் அவர் பெயர் இல்லை. 'விழுப்புரத்துத் தொழிலாளி ஒருவர்' என்று ஒரு இடத்தில் போனால் போகிறதென்று போட்டிருந்தேன். 'பிராணவாயு நிரம்பிய உருளை' என்று மட்டும் நான்கு இடத்தில் வரும். பத்திரிகை வந்த வாரம் ஜங்ஷனில் பார்த்தேன். யாரையோ விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். "நல்லா எழுதிக்கிறீங்க சார். அந்த ஒரு வார்த்தய மாத்திருக்கலாம்" என்றார். பெயர் வராததைப் பற்றி ஒரு சொல் இல்லை. அது வேறு எரிந்தது.

சென்ற தை மாதம் பனமலைப் பக்கத்தில் விருத்தாசலம் என்ற விவசாயியின் கிணற்றில் கரை சரிந்து, ஆயில் இஞ்சின் உள்ளே போய்விட்டது. நல்ல மழைக் காலம் முடிந்த கிணறு, நாற்பத்தைந்து அடித் தண்ணீர். மேலே நான்கு காணி மல்லாட்டை பூ வைத்து நின்றது, பத்து நாளில் தண்ணீர் காட்டாவிட்டால் அத்தனையும் சருகு. முதல் ஞாயிறு கண்ணையன் இறங்கி இஞ்சினில் சங்கிலி மாட்டினார், தூக்கும்போது சங்கிலி நழுவிவிட்டது, உருளையும் தீர்ந்துவிட்டது. உருளையை நிரப்ப அவர் ரயில்வே பாஸில் சென்னைக்குத்தான் கொண்டுபோவார், துறைமுகப் பக்கத்தில் காற்றை அழுத்தும் இயந்திரம் ஒரு கம்பெனியில் இருக்கிறது. அந்த வாரம் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. விருத்தாசலம், "குடுங்க, நானே ஜல்தியா ரொப்பிக்கினு வர்றேன்" என்று வாங்கிப் போனார். (இஞ்சின் பிறகு மேலே வந்துவிட்டது. மல்லாட்டையும் பிழைத்தது. இந்தக் கதை அதைப் பற்றியது அல்ல.)

அடுத்த ஞாயிறு நானும் போயிருந்தேன். கண்ணையன் தண்ணீர் மட்டத்துப் படியில் உட்கார்ந்து கண்ணாடியில் துப்பித் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் இடுப்புக் கயிற்றைப் பிடித்தபடி நடுப்படியில் நின்ற விருத்தாசலம் என்னை அருகே கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு, குரல் மட்டும் கிசுகிசுப்பு.

"நயினார் சார், உங்க கட்டுரய வெட்டி வெச்சிருக்கறேன். அத்தப் படிச்சதாலதான் வேல ஆச்சி. மெட்ராசுல அந்தக் காத்து மிசினு ரிப்பேரு. நான் உட்ருவனா? வெல்டிங்குக்கு கேஸ் ரொப்பற எடத்துக்குப் போயி, சுத்தமான பிராணவாயுவே ரொப்பிக்கினு வந்துட்டேன். அவருகிட்ட சொல்லல. கீழ போயி அவரே தெரிஞ்சிக்கட்டும், மூச்சு எப்பிடி குளுகுளுன்னு இருக்குதுன்னு."

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அப்போது என் மனத்தில் ஓடியதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இவர் இறங்கி, இஞ்சினைக் கட்டிவிட்டு, சௌக்கியமாக மேலே வந்துவிட்டால் நான் எழுதியதே சரி. நானூறு பிள்ளைகள் சிரித்த சிரிப்பு தப்பு. துரை போட்ட படம் தப்பு. ஏட்டுச் சுரைக்காய் ஒருநாளாவது கறிக்கு உதவிவிடும். இதைத்தான் நினைத்தேன். ஒரு கணம் நினைத்தேன் என்று எழுதத்தான் கை வருகிறது. ஒரு கணம் இல்லை, நல்ல இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தில் அவர் கடிவாளத்தைக் கவ்வினார், தலையை ஆட்டினார், இறங்கினார், தலை மறைந்தது.

கயிற்றில் பத்து அடிக்கு ஒரு துணி முடிந்திருப்பார். முதல் துணி தண்ணீருக்குள் போயிற்று. குமிழிகள் கிணற்றின் நடுவுக்கு நகர்ந்தன. விருத்தாசலம் கயிற்றை விட்டுக்கொண்டே என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். இரண்டாவது துணி போயிற்று. மூன்றாவது துணி அவர் கைக்குள்ளிருந்து வெளியே வந்து சுவரோரமாக ஆடிக்கொண்டு இறங்கியது. அது சிவப்புத் துணி. முப்பது அடிக்குக் கீழ போயி அத்தக் குடிச்சா என்று கண்ணையன் சொன்ன குரல் எனக்கு அப்படியே கேட்டது. அவர் சொன்னது சரியென்று எனக்கு அன்றைக்கே தெரியும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

கத்தினேன். சத்தம் வரவில்லை. மிதித்து வந்த சைக்கிளும் கிணற்று ஈரமும் பயமும் சேர்ந்து இழுப்பு நெஞ்சை அடைத்துவிட்டது, வாயிலிருந்து வந்தது வெறும் விசில். படியில் சறுக்கிக்கொண்டே இறங்கினேன். "இன்னா சார், இன்னா ஆச்சி?" என்று விருத்தாசலம் என்னைத் தாங்கிப் பிடிக்க வந்தார். நான் அவர் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கி மூன்று தரம் இழுத்தேன். மூன்று இழுப்பு என்றால் மேலே வா என்று அர்த்தம்.

சிவப்புத் துணி தண்ணீரைத் தொட்ட இடத்தில் நின்றது.

பிறகு அவர் வந்த விதத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அவசரப்படவில்லை. குமிழிகளுக்குப் பின்னால், ஊதிக்கொண்டே, குமிழியின் வேகத்தில் வந்தார். கயிறு அங்குலம் அங்குலமாகத் தளர்ந்தது. சீக்கிரம் வாய்யா, சீக்கிரம் வாய்யா என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அவருக்கு என்ன தெரியும்? சட்டப்படி வந்தார். தலை தெரிந்ததும் கடிவாளத்தை எடுத்துவிட்டு, "இன்னா சார்?" என்றார்.

"பிராணவாயு" என்றேன். ஒரு விசில். "உருளையில. என் கட்டுரையப் பாத்து ரொப்பிட்டார்." இன்னொரு விசில். "நீங்க சொன்னதுதான் சரி. வெறும் காத்துதான். நான் எழுதினது தப்பு."

"தப்பா? அச்சுல வந்துக்குதே சார்" என்றார் விருத்தாசலம். அந்த நல்ல மனிதரின் முகம் வெளுத்துவிட்டது.

கண்ணையன் கையைப் பின்னால் விட்டு உருளையைத் தடவிப் பார்த்தார், அதற்குள் இருப்பது கைக்குத் தெரிந்துவிடும் என்பது போல. "தண்ணிக்கு மேலதாங்க அது பிராணவாயு. கீழ போனா பிராணன வாங்குற வாயு" என்று விருத்தாசலத்திடம் மெதுவாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்.

"உங்களுக்கு எப்ப சார் தெரியும்?"

பொய் சொல்ல இடம் இருந்தது. இப்போதுதான் விருத்தாசலம் சொன்னார் என்று சொல்லியிருந்தால் முடிந்துவிட்டிருக்கும். மூச்சு இல்லாதவனால் நீளமாகப் பொய் சொல்ல முடியாது.

"நீங்க எறங்கறதுக்கு முன்னாடி" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு தண்ணீரில் நின்றார். நிமிஷத்துக்கு ஏழு மூச்சில் இரண்டோ மூன்றோ விட்டிருப்பார். எனக்கு அதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. படியில் உட்கார்ந்துவிட்டேன். உதடு நீலம் பாய்ந்திருந்ததாக விருத்தாசலம் பிற்பாடு சொன்னார்.

கண்ணையன் படியேறி வந்து, தோள்பட்டை வாரைக் கழற்றி, உருளையை எனக்குப் பக்கத்தில் நிறுத்தினார். தண்ணீர் சொட்டச் சொட்ட என் பக்கத்தில் உட்கார்ந்து, கடிவாளத்தை என் பற்களுக்கு நடுவே வைத்தார். நான் பதறிப்போய் பழக்க தோஷத்தில் மூக்காலேயே இழுத்தேன்.

"மூக்கால இழுத்தா அது குடுக்காது சார்" என்று சொல்லி, ஈர விரல்கள் இரண்டால் என் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.